எரிந்த சுவரும் எஞ்சிய தகடும்

1949ஆம் வருஷம் ஜனவரி 26ஆம் தேதி காலை, ஜப்பானில் நாரா நகருக்கு அருகே உள்ள ஹோர்யூஜி ஆலயத்தின் பொன் மண்டபத்தில் தீப்பிடித்தது. ஏழாம் நூற்றாண்டின் இறுதியிலோ எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலோ அதன் சுவர்களில் தீட்டப்பட்ட பன்னிரண்டு பெரிய ஓவியங்கள் அன்று காலை வர்ணம் இழந்தன. சுவர்கள் இடிந்து விழவில்லை. கோடுகள்கூட ஓரளவு தங்கின. சிவப்பும் பச்சையும் மட்டும் போய்விட்டன. கரியும் வெளிர் சாம்பலுமாக, கழுவி எடுத்த ஒரு நெகடிவைப் போல, அமிதாப புத்தரும் போதிசத்துவர்களும் எஞ்சினார்கள்.

இந்தச் சுவர்களை நான் முதன்முதலில் பார்த்தது பழைய புத்தகக் கடையொன்றில் வாங்கிய, அட்டை கிழிந்த கலை வரலாற்று நூல் ஒன்றில். கறுப்பு வெள்ளைப் படம். போதிசத்துவரின் முகம், சாய்ந்த கழுத்து, கம்பியை வளைத்து வைத்தது போல ஒரே கனத்தில் ஓடும் கோடு. அஜந்தாவை அறிந்த எவனும் அந்த முகத்தை அந்நியம் என்று நினைக்கமாட்டான். அன்று எனக்கு அது ஓவியத்தின் பெருமையாகவே பட்டது. படத்தை எடுத்தது யார், எப்போது, எதற்காக என்று கேட்கத் தோன்றவில்லை. புகைப்படத்தில் இரண்டு ஜாதி உண்டு, ஒன்று கலை, மற்றது குமாஸ்தா வேலை என்று தீர்மானமாக நம்பியிருந்த காலம் அது. நண்பர்களிடம் அப்படி வாதாடியும் இருக்கிறேன். அந்த நம்பிக்கை இப்போது என்னிடம் இல்லை. அது எப்படிப் போயிற்று என்பதை ஜப்பானிய ஆலயங்களைப் படமெடுத்தவர்களின் சரித்திரத்தைக் கொண்டே சொல்லப் பார்க்கிறேன்.

அந்தச் சரித்திரம் அழகில் தொடங்கவில்லை, பயத்தில் தொடங்கியது. 1868இல் மெய்ஜி அரசு ஷிண்டோ தெய்வங்களையும் பௌத்தத்தையும் பிரித்து வைக்க ஆணைகள் பிறப்பித்தது. ஆயிரம் வருஷமாக ஒரே வளாகத்தில் ஒருவரோடொருவர் கலந்து வாழ்ந்த தெய்வங்கள் அவை. பிரிக்கச் சொன்ன ஆணையை இடிக்கச் சொன்னதாக எடுத்துக்கொண்டார்கள் பல ஊர்களில். விக்கிரகங்கள் உடைக்கப்பட்டன, சுவடிகள் எரிந்தன. நாராவின் கோஃபுகுஜி ஆலயத்துப் பிக்குகள் காவி களைந்து பக்கத்திலிருந்த காசுகா ஆலயத்துப் பூசாரிகளானார்கள். அங்குள்ள ஐந்தடுக்குக் கோபுரம் அற்ப விலைக்கு விற்கப்பட இருந்தது என்று இன்றும் சொல்வார்கள். ஹோர்யூஜியும் தப்பவில்லை. நிலம் போய், வருமானம் போய், 1878இல் முந்நூறுக்கும் மேற்பட்ட தன் பொக்கிஷங்களை அரச குடும்பத்துக்கு அளித்து, அதற்குப் பதிலாகக் கிடைத்த பத்தாயிரம் யென்னைக் கொண்டு மூச்சு விட்டது.

இடித்தவர்களுக்குப் பின்னாலேயே கணக்கெடுப்பவர்கள் வந்தார்கள். 1872இல் அரசு ஒரு குழுவை அனுப்பியது. மாச்சிதா ஹிசானாரி, நினகாவா நோரிதானே முதலியோர் கோயில் கோயிலாகச் சென்று, என்ன இருக்கிறது என்று எழுதினார்கள். யோகோயாமா மாட்சுசாபுரோ என்ற புகைப்படக்காரரும் உடன் போனார். அன்றைய ஈரத் தகட்டு முறையில், படமெடுக்கும் இடத்திலேயே ரசாயனம் பூசி, காய்வதற்குள் எடுத்து, அங்கேயே கழுவ வேண்டும். இருட்டுக் கூடாரமும் திராவகக் குப்பிகளும் சுமந்துகொண்டு போனவரின் படங்களில் ஆலயங்கள் கேட்பாரற்றுக் கிடக்கின்றன. ஒரு பொருளைக் காப்பாற்ற முடியாதோ என்ற சந்தேகம் வந்த பிறகு எடுக்கப்பட்ட படங்கள் அவை. வீட்டில் மூத்தவர் படுத்த படுக்கையான பின்தான் நாம் போட்டோக்காரரை அழைத்து வருகிறோம். ஒரு தேசமும் அதையே செய்தது.

1888இல் மறுபடி ஒரு பெரிய கணக்கெடுப்பு. இம்முறை படமெடுத்தவர் ஒகாவா கஸுமாசா. பாஸ்டன் நகரில் தொழில் கற்று வந்தவர். சூரிய ஒளி எட்டாத கர்ப்பக்கிருகங்களில் மெக்னீசிய வெளிச்சத்தில் விக்கிரகங்களைப் படமெடுத்தார். மறு வருஷம் 'கொக்கா' என்ற கலைப் பத்திரிகை தொடங்கியபோது, கண்ணாடித் தகட்டில் ஜெலட்டின் பூசி அச்சிடும் கொலோடைப் முறையில் அவருடைய படங்கள் அதில் வந்தன. இந்த முறையில் புள்ளிகள் கிடையாது. நிழல் நிழலாகவே அச்சில் இறங்கும்.

இவ்விடத்தில் நிதானிக்க வேண்டும். காப்பாற்றுகிறோம் என்று வந்தவர்கள் வேறொன்றையும் செய்தார்கள். ஹோர்யூஜியின் கிழக்கு வளாகத்திலுள்ள எண்கோண மண்டபத்தில் ஓர் அவலோகிதேஸ்வரர் சிலை நூற்றாண்டுகளாகத் துணி சுற்றி மூடிக் கிடந்தது. ஆலயத்துப் பிக்குகளே பார்த்ததில்லை. 1884இல் அமெரிக்கரான ஃபெனொலோஸாவும், பின்னாளில் தாகூரின் நண்பரான ஒககூராவும் அரசின் அதிகாரத்தோடு வந்து அதைத் திறக்க வைத்தார்கள். திறந்தால் பூமி அதிரும் என்று பிக்குகள் அஞ்சினார்கள். பூமி அதிரவில்லை. சுற்றியிருந்த துணி மட்டும் கஜம் கஜமாக அவிழ்ந்து விழுந்தது. உள்ளே பொன் முலாம் மங்காத ஓர் அற்புதம் நின்றிருந்தது.

அந்தக் கணத்திலிருந்து அது கலை. அதற்கு முன்பு அது என்னவாக இருந்தது? பார்க்கப்படாமலேயே வணங்கப்பட்ட ஒன்று. காணாமல் இருப்பதே அதன் இருப்பாக இருந்தது. திறந்தவர்கள் தவறு செய்தார்கள் என்று நான் சொல்லவரவில்லை. திறவாமலிருந்தால் செல்லரித்துப் போயிருக்கலாம், எவனாவது விற்றும் இருக்கலாம். ஆனால் கணக்கெடுப்பவனின் வெளிச்சம் பட்ட தெய்வம் பழைய இருட்டுக்குத் திரும்புவதில்லை. இன்றும் அந்த மண்டபத்தை இளவேனிலிலும் இலையுதிர் காலத்திலும் சில வாரங்கள்தான் திறக்கிறார்கள். இழந்த இருட்டின் மிச்சமாக அந்த மூடிய மாதங்களை எடுத்துக்கொள்ளலாம்.

பிரதி எடுப்பது என்ற காரியத்தில் நமக்கும் அவர்களுக்கும் ஒரு பொதுவான துயரக் கதை உண்டு. அஜந்தா ஓவியங்களுக்கு ராபர்ட் கில் வருஷக்கணக்கில் எடுத்த பிரதிகளில் ஏறக்குறைய எல்லாமே 1866இல் லண்டன் கிரிஸ்டல் பாலஸ் தீயில் போயின. பிறகு கிரிஃபித்ஸும் பம்பாய் ஓவியப் பள்ளி மாணவர்களும் எடுத்த பிரதிகளில் பலவும் 1885இல் லண்டனிலேயே இன்னொரு தீயில் எரிந்தன. இந்தக் கதையின் மூன்றாவது அத்தியாயம் ஜப்பானியருடையது. 1916இல் ஜப்பான் சென்ற தாகூர், ஷிமோமுரா கன்ஸான் என்பவரின் ஓவியம் ஒன்றில் மனம் பறிகொடுத்துப் பிரதி வேண்டினார். பிரதி எடுத்துக் கொடுத்தவர் அராய் கம்போ. அந்த உறவில் கல்கத்தா வந்தார், தாகூரின் இல்லத்தில் ஓவியம் கற்பித்தார், நந்தலால் போஸுடன் பழகினார். பிறகு சக ஜப்பானியருடன் அஜந்தாக் குகைகளில் தங்கிப் பிரதிகள் எடுத்தார். அவை டோக்கியோ பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டன. 1923 செப்டம்பர் முதல் தேதி பூகம்பத்தைத் தொடர்ந்த தீயில் அவையும் சாம்பலாயின. மூன்று முறையும் எரிந்தது பிரதி. மூலம் குகையிலேயே இருந்தது.

ஹோர்யூஜியில் இது தலைகீழாக நடந்தது.

1935இல் அந்தச் சுவரோவியங்களை முழு அளவில், அதாவது சுவர் எவ்வளவு பெரிதோ படமும் அவ்வளவு பெரிதாக, எடுத்துவிட முடிவு செய்தார்கள். க்யோட்டோவின் பென்ரிதோ என்ற அச்சு நிறுவனம் பொறுப்பேற்றது. மூன்று மீட்டர் உயரத்துக்கு மேலான சுவரை ஒரே படத்தில் எடுத்துப் பெரிதாக்கினால் கோட்டின் உயிர் போய்விடும். அதனால் பெரிய சுவர் ஒவ்வொன்றையும் 42 கட்டங்களாகப் பிரித்தார்கள். அச்சகங்களில் பயன்படும் ராட்சத காமிராவை மண்டபத்துக்குள் நிறுத்தி, சுவருக்கும் அதற்கும் உள்ள தூரம் இம்மியும் பிசகாமல் பக்கவாட்டிலும் மேலும் கீழும் நகர்த்தி, கட்டம் கட்டமாக எடுத்தார்கள். கனத்த கண்ணாடித் தகடுகள், மொத்தம் 363. ஒப்பந்தத்தில் கேட்டது கறுப்பு வெள்ளைதான். அச்சுத் தொழிலாளியின் முன்யோசனையோ பிடிவாதமோ, யாரும் கேளாமலே வர்ணங்களைப் பிரித்தெடுக்கும் வடிகட்டிகளைப் போட்டு இன்னொரு தொகுதித் தகடுகளும் எடுத்து வைத்தார்கள்.

இந்தப் படங்களில் 'பார்வை' என்று நாம் கொண்டாடுகிற எதுவும் இல்லை. கோணம் கிடையாது, எல்லாம் நேருக்கு நேர். நிழலின் நாடகம் கிடையாது, எல்லா இடத்திலும் சம வெளிச்சம். எதைச் சேர்ப்பது எதை விடுவது என்ற தேர்வுகூட எடுப்பவனிடம் இல்லை. கட்டத்துக்குள் வந்ததெல்லாம் படம், புத்தரின் கண்ணும் சுவரின் வெடிப்பும் ஒரே மரியாதையோடு. பெரிய புகைப்படக் கலைஞர்கள் பெயர்களை வரிசையாக ஒப்பிக்கும் நம்மில் எத்தனை பேர் அந்த காமிராவுக்குப் பின்னால் நின்றவர்களின் பெயரைத் தேடியிருக்கிறோம்? நான் தேடியதில்லை.

1940இல் ஓவியர்கள் வந்தார்கள். நான்கு குழுக்கள், அவற்றுள் ஒன்றுக்குத் தலைவர் அஜந்தாவில் பிரதி எடுத்த அதே அராய் கம்போ. இருண்ட மண்டபத்துக்குள் அன்று ஜப்பானில் புதுமையாயிருந்த ட்யூப்லைட்டுகளைப் பொருத்தி, அந்த வெளிச்சத்தில் வேலை செய்தார்கள். ஒருமுறை தன் உழைப்பு சாம்பலானதைக் கண்டவர், தம் அறுபதுகளில் மறுபடி சுவர் முன்னால் உட்கார்ந்தார். யுத்தம் குறுக்கிட்டது. இளைஞர்களை ராணுவம் அழைத்துக்கொண்டது. 1945 ஏப்ரலில், மிச்ச வேலையை முடிக்க ஹோர்யூஜிக்குப் புறப்பட்ட பயணத்தில், வழியிலேயே அவர் இறந்தார்.

யுத்தம் முடிந்து வேலை தொடர்ந்தது. மண்டபத்தையே பழுதுபார்ப்பதற்காக மேல்தளம் பிரிக்கப்பட்டிருந்தது. விக்கிரகங்கள் வேறிடத்தில் இருந்தன. உட்புறத்து மேற்சுவரில் இருந்த இருபது சிறிய ஓவியங்களும், பறக்கும் தேவமகளிர், கழற்றி வைக்கப்பட்டிருந்தன. அதனால் அவை பிழைத்தன. பெரிய சுவர்கள் பன்னிரண்டும் இருந்த இடத்திலேயே இருந்தன. தீயின் காரணம் தீர்மானமாக நிரூபிக்கப்படவில்லை. சந்தேகங்களுள் ஒன்று, பிரதி எடுக்கும் ஓவியர்கள் ஜனவரிக் குளிருக்காக வைத்திருந்த, மின்சாரத்தில் சூடேறும் மெத்தை. அது உண்மையானால், காப்பாற்ற வந்த கையின் குளிரே காப்பாற்றப்பட வேண்டியதை எரித்தது என்றாகிறது. இதற்கு மேல் இதைப் பற்றி எழுத எனக்குத் துணிவில்லை.

தீக்குப் பின் அந்தத் தேசம் விழித்துக்கொண்டது என்று சொல்வது வழக்கம். அடுத்த வருஷமே, 1950இல், பண்பாட்டுச் சொத்துகளைக் காக்கும் சட்டம் வந்தது. அதே வருஷம் ஜூலையில் க்யோட்டோவின் பொற்கோயில் எரிந்தது. சட்டம் தீயைவிட மெதுவாக நடக்கும் போலும். 1955 முதல் ஜனவரி 26, பண்பாட்டுச் சொத்துகளைத் தீயிலிருந்து காக்கும் தினமாக நாடெங்கும் அனுசரிக்கப்படுகிறது. ஆலயங்களில் தண்ணீர் பீய்ச்சி ஒத்திகை பார்க்கிறார்கள்.

1967இல் பொன் மண்டபத்துச் சுவர்களை மறுபடி தீட்ட முனைந்தபோது பழைய தகடுகள் வெளியே வந்தன. அவற்றிலிருந்து ஜப்பானியக் காகிதத்தில் மங்கலாக கொலோடைப் அச்சிட்டு, அதன்மேல் யாசுதா யுகிஹிகோ, மாயெதா செய்சோன் முதலிய ஓவியர்கள் வர்ணம் வைத்தார்கள். 1968இல் முடிந்தது. இன்று மண்டபத்துக்குள் செல்பவர் பார்ப்பது இதைத்தான். யாத்ரீகன் கும்பிடும் அந்த புத்தருக்கு அடியில், வர்ணத்தின் கீழே, ஒரு புகைப்படம் இருக்கிறது. இதை அறிந்தபோதுதான் என் பழைய இரண்டு ஜாதிக் கொள்கை ஆட்டம் கண்டது. 2015இல் அந்தக் கண்ணாடித் தகடுகளையே முக்கிய பண்பாட்டுச் சொத்தாக அரசு அறிவித்தது. பிரதியே மூலமாகிவிட்டது. 2020இல் அவற்றைக் கம்ப்யூட்டர் திரையில் யாரும் பார்க்கும்படி வெளியிட்டார்கள். ஓர் இரவு முழுவதும் நான் அவற்றைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். போதிசத்துவரின் உதட்டோரத்தில் ஒரு விரிசல். அந்த விரிசலும் இப்போது உலகில் இல்லை.

இதற்கு எதிர்வாதம் உண்டு, அதன் பெயர் டோமோன் கென். ஜப்பானிய ஆலயப் புகைப்படம் என்றால் முதலில் நினைவுக்கு வருகிற மனிதர். 1909இல் பிறந்தவர். 1939இல் மலைக்காட்டுக்குள் இருக்கும் முரோஜி என்ற சிறிய ஆலயத்துக்கு முதன்முதலாகப் போனவர், அதன்பின் வாழ்நாள் முழுக்கத் திரும்பத் திரும்பப் போனார். 'பழைய ஆலயங்களுக்கு யாத்திரை' என்ற அவருடைய ஐந்து தொகுதிகள் 1963 முதல் 1975 வரை வந்தன. முதல் தொகுதிக்கு முன்பே ஒரு பக்கவாதம், 1968இல் இரண்டாவது. அதற்குப் பிறகு சக்கர நாற்காலியிலிருந்தபடி உதவியாளர்களை ஏவி, பெரிய காமிராவில் எடுத்தார்.

டோமோன் விக்கிரகத்தை முழுசாகக் காட்டுவதோடு திருப்தியடைபவரல்ல. ஒரு பாதம், மடித்த துணியின் ஓர் அலை, வெட்டுண்ட மாதிரி ஒரு வாய். லென்ஸை இறுக மூடிவைத்து, ஷட்டரைத் திறந்து விட்டு, இருட்டில் பல்புகளை ஒவ்வொன்றாக வெடித்து வெளிச்சம் ஊட்டுவார். மரத்தின் ரேகை கல்லைப் போல உறைந்து நிற்கும். இவரே 1958இல் ஹிரோஷிமாவில் தழும்பேறிய உடல்களையும், 1960இல் சிகுஹோ நிலக்கரி ஊர்களின் குழந்தைகளையும் எடுத்துப் புத்தகங்களாக்கியவர் என்பதை மறந்துவிட்டு அவருடைய புத்தர்களைப் பார்க்க முடியாது. அதே உக்கிரம்தான் இதுவும். புத்தரின் வாயையும் சுரங்கத் தொழிலாளியின் குழந்தையின் வாயையும் அவர் ஒரே மாதிரித்தான் உற்றுப் பார்த்தார். 1978 மார்ச்சில், உடல் செயலிழந்த நிலையில், முரோஜியில் பனி விழக் காத்திருந்து, விழுந்த காலையில் எடுத்த படங்கள் இருக்கின்றன. மறு வருஷம் நினைவிழந்தவர் 1990இல் இறக்கும்வரை கண் திறக்கவில்லை. 1998இல் சூறாவளியில் ஒரு தேவதாரு முறிந்து விழுந்து, அந்த முரோஜியின் சின்னஞ்சிறு ஐந்தடுக்குக் கோபுரம் சிதைந்தது. பின்னர் பழுது பார்த்தார்கள். சிதையாத பழைய கோபுரம் டோமோனிடம் இருக்கிறது.

ஆக, மகா கலைஞனும் கடைசியில் அச்சகத் தொழிலாளி செய்ததையே செய்கிறான் என்றாகிறது. இரியே தாய்கிச்சியின் கதை இதை இன்னும் வெளிப்படையாகச் சொல்கிறது. 1945 மார்ச் குண்டுவீச்சில் ஒஸாக்காவில் வீடும் கடையும் எரிந்து, பிறந்த ஊரான நாராவுக்குத் திரும்பியவர். அந்த இலையுதிர் காலத்தில், யுத்தத்துக்குப் பயந்து ஒளித்து வைத்திருந்த தோதாய்ஜியின் நான்கு திசைக் காவலர் விக்கிரகங்கள் துணி சுற்றி ஊர்வலமாகத் திரும்பி வருவதைத் தெருவில் பார்த்தார். விக்கிரகங்களை அமெரிக்கர்கள் நஷ்ட ஈடாகக் கொண்டுபோகப் போகிறார்கள் என்ற வதந்தி காதில் விழுந்தது. போவதற்கு முன் எல்லாவற்றையும் படமெடுத்துவிடுவது என்று அன்றே முடிவு செய்தார். வதந்தி பொய்த்தது. அவர் 1992இல் இறக்கும்வரை எடுத்துக்கொண்டே இருந்தார். பொய்யான ஒரு பயம் ஐம்பது வருஷத்து உழைப்பைக் கொடுத்தது.

ஆனால் பயமே இல்லாத ஓர் ஆலயமும் ஜப்பானில் உண்டு. இஸேயின் ஷிண்டோ ஆலயத்தை இருபது வருஷத்துக்கொரு முறை பக்கத்து மனையில் புதுமரத்தால் அப்படியே கட்டி, தெய்வத்தை மாற்றி, பழையதைப் பிரித்துவிடுகிறார்கள். கடைசியாக 2013இல், 62ஆவது தடவை. 1953இல், 59ஆவது தடவை கட்டியபோது, வாதானபே யோஷியோ என்பவருக்கு உள் வளாகத்தைப் படமெடுக்க அனுமதி கிடைத்தது. வைக்கோல் கூரையும் வழவழத்த சைப்ரஸ் தூணும் கூழாங்கல் தரையும் அவர் படங்களில் நவீனக் கட்டிடம் போலவே நின்றன. தாங்கே கென்ஸோ போன்ற கட்டிடக் கலைஞர்கள் அவற்றில் தங்கள் பூர்வீகத்தைக் கண்டெடுத்தார்கள். வாதானபே எடுத்த கட்டிடம் இருபது வருஷத்தில் பிரிக்கப்பட்டுவிட்டது. யாரும் அழவில்லை. இஸே தன்னைத்தானே பிரதி எடுத்துக்கொள்கிறது, தச்சனின் கையே அதன் நெகடிவ். அந்தக் கை உள்ளவரை அங்கே தீக்கும் அஞ்ச வேண்டியதில்லை. அந்தக் கை அறுந்துபோன இடங்களில்தான் நமக்குப் புகைப்படம் தேவைப்படுகிறது. ஹோர்யூஜி சுவரைத் தீட்டியவர்களின் பரம்பரை எப்போதோ அறுந்துவிட்டது. 1968இன் மகா ஓவியர்களுக்குக்கூட ஒரு புகைப்படத்தின்மேல் ஊன்றிக்கொள்ள வேண்டியிருந்தது.

முன்பு நான் வைத்திருந்த கேள்வி, இது கலையா பதிவா என்பது. தவறான கேள்வி. கேட்க வேண்டியது, தனக்கும் பொருளுக்கும் நடுவில் எடுப்பவன் எவ்வளவு இடத்தை அடைத்துக்கொள்கிறான் என்பதே. டோமோன் நிறைய அடைத்துக்கொள்கிறார். அந்த இடத்துக்கு ஈடாகத் தன் உடலையே கொடுத்தார். 1935இன் தொழிலாளிகள் எதையும் அடைத்துக்கொள்ளவில்லை. அதனால் எல்லாம் எரிந்தபின் அவர்கள் தகட்டில் சுவர் மட்டும் இருந்தது. இரண்டுக்கும் நடுவே நிற்கிற வகை ஒன்று உண்டு. பாசி படிந்த விளக்குத் தூண், சிவப்புத் தோரண வாயில், மாலை வெயில் என்று காலண்டர் காலண்டராக வருகிற ஆலய அழகு. அதற்குப் பயமும் இல்லை, பணிவும் இல்லை. நாளை அந்த ஆலயம் எரிந்தால் அந்தப் படத்தை வைத்து ஒரு தூணைக்கூட மறுபடி நிறுத்த முடியாது.

எரிந்த சுவர்கள் இன்றும் இருக்கின்றன. பிசின் ஏற்றி இறுக்கி, கரிந்த தூண்களோடு சேர்த்து, ஹோர்யூஜி வளாகத்திலேயே தனிக் கட்டிடத்தில் வைத்திருக்கிறார்கள். சாதாரண நாளில் யாரும் பார்க்க முடியாது. முன்பொரு தெய்வம் இருட்டில் இருந்தது போல இப்போது அவை இருட்டில் இருக்கின்றன.